எருமைக்கு வைத்த கல்யாணச் சோறு

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையின் பின்சுவருக்கு அந்தப்புறம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. இப்போது யாரோ அதில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அங்கே மூன்று எருமைகள் கட்டியிருந்தன. ஜைத்தூன் பீவி அவற்றைக் கறந்து, பேட்டை வாசல் டீக்கடைக்கும் பக்கத்துத் தெருக்களுக்கும் பால் ஊற்றினார். நான் பேட்டைக்குள் கப்பும் சாஸரும் வார்க்கிற ஒரு யூனிட்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டுக்கும் ஆறு வருஷம் அவர் பால்தான். பிறகு நிறுத்திக்கொண்டோம். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் பார்ப்பது சாணியைத்தான். பொத்தென்று விழுந்து தட்டு மாதிரி படிந்திருந்தால் நல்லது. உருண்டையாக இறுகிக் கிடந்தால் தண்ணீர் போதவில்லை. இளகி ஓடினால் தீனியில் ஏதோ பிசகு. குச்சியால் கிளறி, செரிக்காமல் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதன் பிறகு மூன்றும் அசை போடுகின்றனவா என்று கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். அப்புறம்தான் குவளையைக் கையில் எடுப்பார். ஒருமுறை பால் வாங்க நின்றிருந்த நான் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

“சிரிக்காதீங்க. வயித்த வலிக்குதுன்னு வந்து சொல்றதுக்கு அதுக்கு வாயா இருக்குது? இப்படித்தாங்க சொல்லுது” என்றார்.

அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சேத்தியாத்தோப்பில் பிறந்து, பத்தொன்பது வயதில் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் பரக்கத்துல்லா கல்யாணமான மறுவருஷமே அரபு நாட்டுத் தம்மாமுக்குப் போய்விட்டார். இருபத்தேழு வருஷம் அங்கே மீன் லாரி ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் இருப்பார், போய்விடுவார். அவர் அனுப்பியதில் ஜைத்தூன் பீவி நகை வாங்கவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கம் போய் ஒரு சினை எருமை வாங்கி வந்தார். அதன் வழி வந்தவைதான் பின்னாளில் கொட்டகையில் நின்ற மூன்றும். ஒரு கொம்பு கீழ்நோக்கி வளைந்தது கோணக்கொம்பி. வால் நுனியில் வெள்ளை மயிர் உள்ளது வெள்ளவாலி. இரண்டும் கறவை. மூன்றாவது ஒரு கிடேரி, இன்னும் சினைப்படாதது. ஒரே மகள் சனாவைப் படிக்க வைத்ததும் பெண்ணாடத்தில் கட்டிக் கொடுத்ததும் இந்தப் பாலில்தான் என்று அவர் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

பரக்கத்துல்லா சர்க்கரை நோயோடு திரும்பி வந்தார். வந்த வருஷமே வலது காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. லாரி ஓட்டிய மனுஷன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். குனிந்து புல் அறுக்க முடியாது. தண்ணீர் வாளி தூக்க முடியாது. மனைவி வெயிலில் மணிமுத்தாற்றுப் படுகைக்குப் போய்ப் புல்லுக்கட்டோடு வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஓட்ட முடிந்தது ஒரு பழைய மொபெட்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு தை மாதம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. சேத்தியாத்தோப்புப் பக்கத்து வயல்களில் வைக்கோல் நனைந்து கறுத்து, பூஞ்சை பூத்துப் போயிற்று. தப்பித்த வைக்கோலையும் மெஷினில் உருட்டிக் கட்டி, வெளியூர் லாரிகள் வந்து ஏற்றிக்கொண்டு போயின. கடலைக்கொடி கிடைக்க இன்னும் நாள் இருந்தது. பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு வெட்டும் இடங்களில் கொழுந்துக்கட்டு வாங்கி வந்து சமாளித்தார் ஜைத்தூன் பீவி. வெட்டு முடிந்ததும் அதுவும் நின்றது.

அப்போதுதான் பரக்கத்துல்லா சோறு கொண்டுவர ஆரம்பித்தார். ஜங்ஷன் ரோட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றில் சமையல்காரர் அவருக்குப் பழக்கம். மாசி மாத முகூர்த்தங்கள். மிஞ்சின சோற்றை வாளியில் வாங்கி மொபெட்டில் வைத்துக்கொண்டு வந்தார். வந்து இறங்கும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. வீட்டுக்குத் தன் கையால் ஒன்று கொண்டுவந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

“சோறு வேணாங்க. மாட்டு வயிறு அதுக்கு இல்ல” என்றார் ஜைத்தூன் பீவி.

“கீழ கொட்டறதத்தான் கொண்டாந்தேன். பசியில நிக்கிறதுங்களுக்கு ஒரு வாய் வெச்சா என்ன கொறஞ்சிரும்?”

அந்த முகத்தைப் பார்த்து அதற்கு மேல் மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. கிடேரிக்கு வேண்டாம், கறவை இரண்டுக்கு மட்டும் ஆளுக்கு இரண்டு கை, வைக்கோலோடு பிசைந்து, என்று ஒத்துக்கொண்டார். இரண்டு கை நாளடைவில் நான்கு கையாயிற்று. வைக்கோல் குறையக் குறையச் சோறு கூடியது. எருமைகள் ஆசையாகத் தின்றன. பாலும் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று ஏறியது. பரக்கத்துல்லா, “பாத்தியா, நீ என்னமோ பயந்தியே” என்று பெருமையாகச் சொன்னார்.

பால் ஏறினதுதான் முதல் கெடுதல். பேட்டை வாசலில் டீக்கடை வைத்திருக்கும் ஆனந்தராஜ் எட்டு வருஷமாக அவரிடம் பால் வாங்குகிறவர். ஒருநாள் எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“பாயம்மா, கோவிச்சுக்காதீங்க. பாலு ஆடை கட்ட மாட்டேங்குது. டீ நெறமே வரல. தண்ணி எதுனா சேருதா?”

ஜைத்தூன் பீவி தூக்குவாளியைக் கீழே வைத்தார். “எட்டு வருசத்துல ஒரு சொட்டு ஊத்துனது இல்லீங்க” என்றார். குரல் உயரவில்லை. வெறும் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் என் மனைவியும் அதையே சொன்னாள். தயிர் சரியாக உறையவில்லையாம், வெண்ணெய் திரளவில்லையாம். எனக்கும் அது சரியென்று பட்டது. வைக்கோல் கிடைக்காத வருஷத்தில் பால் கூடுகிறது என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? மறுநாளிலிருந்து பாக்கெட் பாலுக்கு மாறினோம். அவரிடம் காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் நான்கு வீடுகள் அந்த வாரமே நின்றன.

அவர் நேராகக் கால்நடை மருத்துவமனைக்குப் போனார். அங்கே டாக்டர் வெண்பா என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், பொறுமையானவர். அவர் சொன்னதை ஜைத்தூன் பீவி பிற்பாடு என்னிடம் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார்.

“எருமையா வைக்கோலைச் செரிக்குது? இல்லம்மா. அதோட பெரிய வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க கோடிக்கணக்குல கெடக்குது. அதுங்கதான் வைக்கோலைத் தின்னு புளிக்க வெச்சு எருமைக்குக் குடுக்குது. நீங்க எருமைக்குத் தீனி வெக்கல, அதுங்களுக்குத்தான் வெக்கிறீங்க. அதுல வைக்கோல் தின்னுற கூட்டம் வேற, சோறு தின்னுற கூட்டம் வேற. வைக்கோல் கூட்டம் குடுக்கிறதுலதான் பாலுக்குக் கொழுப்பு வரும். சோறு தின்னுறது பெருகிட்டா பாலு கூடும், கொழுப்பு எறங்கிடும். நீங்க தண்ணி கலக்கல. ஆனா பாலு தண்ணியாத்தான் இருக்கும்.”

“நான் போய்ச் சொன்னா நம்புவாங்களாம்மா?”

டாக்டர் தீனிப் பேச்சுக்குத் திரும்பினார். “சோத்தை ஒரேயடியா நிறுத்தாதீங்க, பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க. எதை மாத்தினாலும் மெதுவா மாத்தணும். திடீர்னு நெறைய சோறு உள்ள போச்சுன்னா அது புளிச்சு வயிறு பூரா ஆசிட் ஆயிடும். வைக்கோல் கூட்டம் மொத்தமா செத்துப் போவும். அப்புறம் மாட்டைக் காப்பாத்தறது கஷ்டம்” என்றார்.

ஜைத்தூன் பீவி அப்படியே செய்தார். பத்து நாளில் சோறு நின்றது. பரக்கத்துல்லாவிடம் டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். “சரி, நான் கொண்டாந்ததுதான் கெடுதின்னு ஆயிப்போச்சு” என்றார். மொபெட்டை எடுத்துச் சுவரோரம் நிறுத்திவிட்டு மறுபடியும் நாற்காலிக்குப் போனார்.

பங்குனி பிறந்து ஒரு வாரம் இருக்கும். சனாவுக்கு இரண்டாவது பிரசவ வலி கண்டுவிட்டது என்று பெண்ணாடத்திலிருந்து விடியற்காலையில் போன் வந்தது. ஜைத்தூன் பீவி கறந்து முடித்து, இருந்த வைக்கோலையும் புல்லையும் மூன்றுக்கும் பிரித்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினார். “தண்ணி மட்டும் காட்டுங்க. நான் சாயங்காலம் வந்து பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பத்து மணிக்கெல்லாம் போட்டது தீர்ந்துவிட்டது. பசி எடுத்த எருமை கத்துவதை அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது லேசில்லை. எங்கள் யூனிட் வரைக்கும் கேட்டது. பரக்கத்துல்லா அரிவாளை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் புல் அறுக்க நடந்திருக்கிறார். காலில் கட்டு நனைந்து ரத்தம் வந்ததும் திரும்பிவிட்டார். மத்தியானம் மண்டபத்துச் சமையல்காரர் போன் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் வரவில்லையாம். ஒரு அண்டாச் சோறு அப்படியே கிடக்கிறதாம். பரக்கத்துல்லா, ஒரு வேளைதானே என்று, இரண்டு நடை போய்க் கொண்டுவந்து, கறவை இரண்டுக்கும் தொட்டி நிறைய வைத்தார். கிடேரிக்குச் சோறு கூடாது என்று சொல்லியிருந்தது ஞாபகம் இருந்ததால் அதற்கு வைக்கவில்லை. கத்தல் நின்றது. அவரும் உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார்.

சாயங்காலம் பேத்தியைப் பார்த்த சந்தோஷத்தோடு ஜைத்தூன் பீவி வந்து இறங்கினார். கொட்டகைக்குள் போனதும் தொட்டியில் ஒட்டியிருந்த பருக்கையைப் பார்த்தார். இரண்டும் அசை போடவில்லை. வெள்ளவாலி பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. இடது வயிற்றில் கை வைத்து அழுத்தினால் உள்ளே தண்ணீர்க்குடம் மாதிரி தளும்பியது. ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து இரண்டுக்கும் மூங்கில் குழாயால் புகட்டினார். டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் வெளியூரில் இருந்தார். விடிந்ததும் முதல் வேலையாக வருவதாகவும் அதுவரை தண்ணீர் காட்ட வேண்டாம் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு நான் அந்த வழியாகப் போனபோது டாக்டர் வந்திருந்தார். வெள்ளவாலி தலையை விலாப்பக்கம் மடித்துப் போட்டுப் படுத்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. பின்பக்கம் எல்லாம் நுரைத்த தண்ணீராகக் கழிச்சல். அதில் முழுசு முழுசாகச் சோறு. கொட்டகை பூராவும் மாவு கெட்டுப் புளித்த நாற்றம். கோணக்கொம்பி சுவரில் சாய்ந்தபடி கால் நடுங்க நின்றது. டாக்டர் வாய்வழியாகக் குழாய் விட்டு வாளி வாளியாகப் புளித்த தண்ணீரை வெளியே எடுத்தார். சோடாத் தண்ணீரால் கழுவினார். கழுத்தில் ஊசி குத்திப் பாட்டில் ஏற்றினார்.

“உள்ள இருந்த உசுரு எல்லாம் செத்துப்போச்சும்மா. ஆசிட்டை எடுத்தாச்சு. ஆனா வெறும் வயித்துல வைக்கோல் போட்டா அது அப்படியே கெடக்கும், செரிக்க ஆளு இல்ல. வேற நல்ல மாட்டோட வயித்துத் தண்ணி பத்து லிட்டராவது வேணும். அதுல உசுரோட இருக்கிற கூட்டத்தை இதுக்குள்ள விடணும். இந்தக் கிடேரிகிட்ட அவ்வளவு எடுக்க முடியாது.”

“எங்கம்மா கெடைக்கும்?”

“வெட்டுற எடத்துல கேளுங்க. சூடு ஆறுறதுக்குள்ள கொண்டாரணும்.”

அல்தாப் என்பவர் மாட்டிறைச்சிக் கடைக்காரர். கறவை வற்றிய எருமை இருந்தால் கொடுங்கள் என்று வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வந்து கேட்பார். ஜைத்தூன் பீவி ஒருதடவைகூடக் கொடுத்தது கிடையாது. வயசான எருமைகளைக்கூடக் கொட்டகையிலேயே வைத்துப் பார்த்துப் புதைத்தவர். அல்தாபைத் தூரத்தில் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அன்று பால் கேனைத் தூக்கிக்கொண்டு என் வண்டியில் ஏறி, “அல்தாப் எடத்துக்கு வுடுங்க” என்றார்.

அல்தாப் அப்போதுதான் ஒரு மாட்டை உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“இத யாரும் வந்து கேட்டதில்லக்கா. சாக்கடையிலதான் வுடறோம்” என்று சொல்லி, இரைப்பையைக் கிழித்துப் பச்சையும் பழுப்புமாக ஆவி பறக்க இருந்ததைக் கேனில் பிழிந்து ஊற்றினார். அதற்கு முன்பே ஜைத்தூன் பீவி தன் முக்காட்டுத் துணியைக் கேனின் வாயில் வடிகட்டியாகக் கட்டியிருந்தார். கேனைச் சாக்கில் சுற்றி மடியில் அணைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தார். என் முதுகில் அந்தச் சூடு தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெள்ளவாலி செத்திருந்தது. பரக்கத்துல்லா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கால் கட்டு சாணியில் கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஜைத்தூன் பீவி அந்தப் பக்கம் பார்க்காமல் கேனை டாக்டரிடம் கொடுத்தார். மொத்தமும் கோணக்கொம்பிக்குப் போயிற்று.

மூன்றாம் நாள் காலை கோணக்கொம்பி அசை போட்டது. ஜைத்தூன் பீவி பேட்டை வாசல் வரை வந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மெதுவாக, நாலைந்து மெல்லு மெல்லிவிட்டு நிறுத்தும். அப்புறம் மறுபடியும் மெல்லும். அவர் அதன் தாடையைத் தடவிக்கொண்டே நின்றார். “உசுரு புடிச்சிருச்சுங்க உள்ள” என்றார். அந்த ஒரு நாள்தான் அவர் முகம் சிரித்து நான் பார்த்தது.

பதினைந்தாம் நாள் அது காலை ஊன்ற மாட்டேன் என்றது. நான்கு குளம்பும் தொட்டால் சுட்டன. முட்டி போட்டு நின்றது. பிறகு அதுவும் முடியாமல் படுத்துக்கொண்டது. டாக்டர் வந்து நான்கு குளம்பையும் அழுத்திப் பார்த்தார். வயிற்றில் ஏறிய ஆசிட் ரத்தத்தில் கலந்து குளம்பில் இறங்கியிருக்கிறது என்றார். வயிற்றின் உள்தோலும் வெந்திருக்கும், தின்றது முன்னைப்போல உடம்பில் ஒட்டாது என்றார். பால் வராதா என்று ஜைத்தூன் பீவி கேட்டார். வராது என்றார் டாக்டர்.

ஜைத்தூன் பீவி இரண்டு மாதம் பார்த்தார். படுத்த இடத்தில் புண் வைக்காமல் ஆள் பிடித்துப் புரட்டிப் போட்டார். குளம்புக்கு ஈரச்சாக்கு சுற்றினார். ஒவ்வொரு பிடி புல்லும் இரண்டு மைல் நடந்து அறுத்தது. எலும்பு துருத்திக்கொண்டு வந்ததே தவிர எருமை எழுந்திருக்கவில்லை. இடையில் டாக்டர் வெண்பாவே ஆனந்தராஜின் கடையில் டீ குடிக்க வந்தபோது பால் விஷயத்தை விளக்கிச் சொன்னாராம். ஆனந்தராஜ் கொட்டகைக்குப் போய், “மன்னிச்சுக்கங்க பாயம்மா, நாளையிலேர்ந்து பாலு ஊத்துங்க” என்றார். ஊற்றுவதற்குப் பால் எங்கே இருந்தது?

கடைசியில் அவரே அல்தாபுக்குச் சொல்லி அனுப்பினார். மருந்து உடம்பில் இருக்கும், நாள் கழியட்டும் என்று அல்தாப் ஒரு மாதம் தள்ளித்தான் வந்தார். நான்கு பேர் சேர்ந்து கோணக்கொம்பியைப் பலகையில் உருட்டி வண்டியில் ஏற்றினார்கள். ஜைத்தூன் பீவி அப்போது பேட்டைக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். வண்டி அவரைத் தாண்டித்தான் போயிற்று. கையை நிறுத்தவில்லை. கிடேரியை அடுத்த வாரம் மங்களூரிலிருந்து ஒரு விவசாயி வந்து ஓட்டிக்கொண்டு போனார். ஒற்றைக் கிடேரிக்காக ஆற்றுப் படுகைக்கு நடக்க ஜைத்தூன் பீவிக்குத் தெம்பில்லை.

இப்போது அவர் எங்கள் யூனிட்டில்தான் இருக்கிறார். வார்த்துக் காய்ந்த கப்புகளின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சீராக்குகிற வேலை. நாள் முழுக்கக் குனிந்தே உட்கார வேண்டும். வந்த முதல் வாரத்தில் நான் அவரிடம், “அன்னைக்கு நாங்களும் தண்ணின்னுதாங்க நெனச்சுட்டோம். தப்புதான்” என்றேன். அவர், “ஆமாங்க, நெனச்சீங்க” என்றார். அவ்வளவுதான். அடுத்த கப்பை எடுத்தார்.

பரக்கத்துல்லா அதன் பிறகு மாத்திரையைச் சரியாகப் போடுவதில்லை. சோற்றையும் குறைப்பதில்லை. கால் புண் மேலே ஏறி, போன ஆவணியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மனைவியிடம் கேட்டாராம்.

“ஜைத்தூன், இத்தன நாளா நீ ஒரு வார்த்த என்னைத் திட்டல. திட்டிடேன்.”

“திட்டி என்னங்க ஆவப்போவுது?”

இதை டீ இடைவேளையில், வேறு யாரோ வீட்டு விஷயம் போல என்னிடம் சொன்னார். “அப்புறம் அவரு என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு” என்றார். மணி அடித்தது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் தன் பலகைக்குப் போய் உட்கார்ந்தார்.